புழுவின் முகம்

நான் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. அந்தக் கட்டடத்துக்கு மட்டும் அது தெரியவில்லை போலும். கூரையிலிருந்தும் சன்னல் விளிம்பிலிருந்தும் இன்னும் சொட்டிக்கொண்டே இருந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. அவருக்குச் சாவிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்ததைப் பார்த்து, "என்னம்மா, நகையா?" என்றார்.

"புழு."

"அடக் கடவுளே" என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "அப்ப நீங்களே தூக்கிட்டு வாங்க."

ஒரு காலத்தில் அது கால்நடை மருத்துவமனையாக இருந்ததாம். இப்போது அருங்காட்சியகத்தின் பின்கட்டு. பார்வையாளர்கள் வரமாட்டார்கள். நீளமான நடைபாதை, இருபுறமும் அறைகள், அறை நிறைய அலமாரிகள், அலமாரி நிறையக் கண்ணாடிக் குடுவைகள். குடுவைக்குள் பாம்பு, வௌவால், பிறக்காத மான்குட்டி, எல்லாம் மஞ்சள் ஸ்பிரிட்டில் ஊறிக் கிடந்தன. நெடி தொண்டையைப் பிடித்தது. எனக்கு அது பழகிய நெடி. கல்யாண வீட்டுச் சந்தன வாசனையைவிட இதைத்தான் நான் அதிகம் முகர்ந்திருக்கிறேன்.

கடைசி அறையைத் திறந்துவிட்டார். சன்னலோரம் ஒரு மேசை. அதன் மேல் துணி போர்த்திய பழைய மைக்ரோஸ்கோப். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

"இந்த நாற்காலியிலதான் உங்க தம்பி உக்காருவாரு" என்றார் சாவிக்காரர். "வந்தா எழுந்திருக்கவே மாட்டாரு. நல்ல மனுஷன்."

"ம்" என்றேன். மைக்ரோஸ்கோப் மேலிருந்த துணியை எடுத்து மடித்தேன். யார் முன்னாலும் அழுகிற பழக்கம் எனக்கு இல்லை.

என் தம்பி காட்டு மிருகங்களுக்கு டாக்டர். உயிரோடு இருப்பதற்கு வைத்தியம், செத்ததற்குப் பிரேதப் பரிசோதனை. சாலையில் அடிபட்டுச் சாகும் மரநாய்களை எல்லாம் அறுத்துப் பார்ப்பான். தாயில்லாத மரநாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்து, மை ஊற்றும் பில்லரால் பால் கொடுத்து வளர்த்தான். அது அவன் மகளோடு ஒரே போர்வையில் தூங்கியது. நன்றாக இருந்த குட்டி ஒருநாள் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அழுதுகொண்டே அதையும் அறுத்தானாம். நெஞ்சுக்கூட்டுக்குள் வெள்ளை நூல் மாதிரிப் புழுக்கள். ஒரு குப்பியில் எடுத்து வைத்து எனக்குப் போன் செய்தான். "அக்கா, இது புதுசு. எந்தப் புஸ்தகத்திலயும் இல்ல. உனக்குத்தான் அதிர்ஷ்டம்" என்றான்.

நான் கிளம்பி வருவதற்குள் அவன் போய்விட்டான். காய்ச்சல், தலைவலி, பிறகு வலிப்பு. மூளைக்காய்ச்சல் என்றார்கள். எதனால் என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்கள்.

குப்பி மட்டும் மிஞ்சியது. நான் புழு ஆராய்ச்சிக்காரி. சொந்தக்காரர்கள் வாயில் 'புழு அக்கா'. ஒரு புதுப் புழுவைக் கண்டுபிடித்தால் அதன் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்து, வரைந்து, விவரித்து, பெயர் வைத்து அச்சில் போட வேண்டும். சொந்தப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஆட்களிடம் அது மானக்கேடு. இன்னொருவர் பெயரை வைக்கலாம். அச்சில் ஏறிய பிறகு அந்தப் பெயரை எந்த ராஜாவாலும் மாற்ற முடியாது.

தம்பியின் பெயரை வைக்கப் போகிறேன். உலகம் உள்ளவரை அவன் பெயர் நிற்கும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

வேலை முடியும்வரை தம்பி வீட்டிலேயே தங்கினேன். அவன் மனைவியிடம் பெயர் விஷயத்தைச் சொன்னபோது, அவள் அவ்வளவு நாளுக்குப் பிறகு முதல் முறையாகச் சிரித்தாள்.

"புழுவுக்கா அவர் பேரு? வேற நல்லதா எதுவும் கிடைக்கலியா அக்கா?"

"மயிலுக்கு வைக்கணும்னா மயில் டாக்டர்கிட்ட கேளு."

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்டு அவள் வலது மேல் இமையில் ஒரு வெட்டுத் தழும்பு. அந்த இடத்தில் மட்டும் இமை மயிர் முளைக்காது. அழுது அழுது அந்த இமை தடித்துக் கிடந்தது. குழந்தைக்கும் கண் அப்படித்தான் வீங்கிக் கிடந்தது. தம்பி தன் மகளைச் சுண்டெலி என்பான். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். வெளிச்சம் கூசுகிறது என்று சுண்டெலி திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி மூலையில் உட்கார்ந்திருப்பாள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அந்த மைக்ரோஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் பக்கவாட்டில் ஒரு கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் உண்டு. வரைகுழல் என்போம். உள்ளே சாய்வாகக் கண்ணாடி வைத்திருக்கும். அதனால் மேலே கண்ணை வைத்தால், அடியில் இருக்கும் புழுவும், பக்கத்தில் விரித்திருக்கும் காகிதமும், காகிதத்தின் மேல் ஓடும் உங்கள் கையும் பென்சிலும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒரே வட்டத்துக்குள் தெரியும். காகிதத்தின் மேலேயே புழு படுத்திருப்பது போல இருக்கும். அதன் ஓரத்தை ஒட்டிப் பென்சிலை ஓட்டினால் போதும். மனசாட்சிக்கு விரோதமாக ஒரு கோடு போட முடியாது. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

முதல் நாள் வாலை வரைந்தேன். வெளியே மறுபடி மழை பிடித்து, காலையிலேயே அறை இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டேன். குடுவைகளுக்குள் இருந்தவை எல்லாம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து வந்த மாதிரித் தெரிந்தன. எனக்குப் பேய் பயம் எல்லாம் கிடையாது. புழுவோடு பிழைப்பு நடத்துகிறவளுக்குப் பேய் எந்த மூலைக்கு?

பென்சில் மிருதுவானது. நான் இறகு மாதிரிப் பிடித்து வரைவேன், சத்தமே வராது. மழையும் விளக்கின் ரீங்காரமும்தான்.

பிறகு ஒரு வாசனை வந்தது. ஸ்பிரிட் இல்லை. கிருமிநாசினி சோப்பும், நனைந்த மிருக ரோமமும் கலந்த வாசனை.

எனக்குத் தெரிந்த வாசனை அது. வேலை முடிந்து வந்து என் தோளில் கை போடும்போது அவனிடம் வரும் வாசனை.

கண்ணை எடுக்காமல் வட்டத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் என் கை. நடுவில் புழு.

இடப்பக்கத்திலிருந்து இன்னொரு கை உள்ளே வந்தது.

இடது கை. பென்சில் பிடித்திருந்தது.

சட்டென்று தலையைத் தூக்கினேன். மேசையில் காகிதம் இருந்தது. என் கை இருந்தது. வேறொன்றும் இல்லை.

குனிந்தேன்.

இருந்தது.

கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. ஒரு குரங்கு கடித்துப் பிளந்த நகம். அது கடித்த அன்று வீடே ஆளாளுக்கு அவனைத் திட்டித் தீர்த்தது. என் தம்பி பிறவி இடதுகைக்காரன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனேன். நடைபாதைக் குழாயில் முகம் கழுவினேன். பசி மயக்கம், ஸ்பிரிட் நெடி, தூக்கமில்லை என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கினேன். பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றேன். லென்ஸைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், மூக்குக் கண்ணாடியையும் துடைத்தேன். அப்புறம் உட்கார்ந்தேன்.

கை காத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததும் வரையத் தொடங்கியது.

ஒரு வட்டம். அதற்குள் இன்னொரு வட்டம். சுற்றி ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கீற்றுகள். கீழே, வட்டத்துக்கு வெளியே, தனியாக ஒரு புள்ளி. உண்மைக் காகிதத்தில் எதுவும் பதியவில்லை. லென்ஸ் வட்டத்துக்குள் மட்டும்தான் கோடுகள் தெரிந்தன. தம்பி வரையும்போது பென்சிலை உடைக்கிற மாதிரி அழுத்துவான். அதே அழுத்தம்.

பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.  ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷம் வந்தது. ஏனென்றால் அவன் என்ன வரைகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன்.

புழுவை அடையாளம் காண அதன் வாய் முக்கியம். அதற்காகத் தலையை மட்டும் பிளேடால் சீவி எடுத்து, நிமிர்த்தி வைத்து, நேருக்கு நேர் பார்த்து வரைவோம். அதைப் புழுவின் முகம் என்போம். வட்டமான உதடு, உள்ளே வட்டமான வாய். சில இனங்களில் வாயைச் சுற்றிச் சின்ன இலைகள் மாதிரி ஒரு வரிசை இருக்கும். பக்கத்தில் உணர்ச்சிக்கென்று மொட்டுகள் இருக்கும். அவன் வரைந்தது அதேதான். ஆனால் இலை வரிசையும் ஒரே ஒரு மொட்டும் சேர்ந்து எந்தப் புழுவிலும் கிடையாது. இது புது இனம்கூட இல்லை, புதுக் குடும்பமே!

"டேய்" என்றேன் மெதுவாக. "செத்தும் எனக்கு வேலை செஞ்சு குடுக்குறியாடா?"

கை நின்றது. பிறகு தான் வரைந்த வட்டத்தின் குறுக்கே ஒரு வளைந்த கோட்டை இழுத்தது.

அவன் கோடுகள் மேல் என் பென்சிலை ஓட்டிப் படியெடுத்தேன். எல்லாவற்றையும் எடுத்தேன், அந்த வளைந்த கோட்டைத் தவிர. லென்ஸில் முடி ஒட்டியிருந்தால் படத்தில் இப்படித்தான் குறுக்கே விழும். எங்கள் தொழிலில் முதலில் அழிக்கப் பழகுவது அதைத்தான். முதல் தடவை கைத்தவறுதலாகப் படியெடுத்துவிட்டு ரப்பரால் அழித்தேன்.

அவன் மறுபடி போட்டான். இன்னும் அழுத்தமாக, வேறு இடத்தில்.

"அது தூசிடா" என்றேன்.

கை முஷ்டி மடக்கி மேசையைக் குத்தியது. லென்ஸ் வட்டத்துக்குள்தான் குத்தியது. ஆனால் என் பின்னால் அலமாரியில் குடுவைகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன.

அவனுக்கு எப்போதும் அவசரம். நான் வேலையில் மெதுவாக இருக்கிறேன் என்று கோபம். சின்ன வயதிலிருந்தே இதுதான் சண்டை. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கப் போனபோது சாவிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பென்சிலை இப்படி அழுத்தி அழுத்தித் தேய்க்காதீங்க. வாசல்ல உக்காந்திருக்கேன், பல்லெல்லாம் கூசுது."

"நான் அழுத்தவே இல்லையே."

"கீச்சு கீச்சுன்னு நாள் பூரா ஒரே சத்தம்" என்றார். "உங்க தம்பி வந்தாலும் இதே தொல்லைதான்."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அடுத்து வந்த நாட்களில் குப்பியிலிருந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைச் சீவினேன். இலை வரிசையைத் தேடினேன். மொட்டைத் தேடினேன். எதிலும் இல்லை. வாய் மழமழவென்று மொட்டையாக இருந்தது. என்னிடம் படிக்க வந்தவர்களிடம் நான் சொல்லும் முதல் பாடமே, கண்ணில் படாததை வரையாதே என்பதுதான். அதை நானே காற்றில் பறக்கவிட்டேன். தம்பி பொய் சொல்லமாட்டான். என் பிளேடுதான் மழுங்கி எதையோ சிதைக்கிறது என்று நினைத்தேன். மறுபடி சீவினேன். நல்ல புழுக்கள் பாழாயின.

கையோ விடவில்லை. நான் குனியும்போதெல்லாம் அதே படம். நாளாக ஆகக் கோடுகள் தாறுமாறாகின. கீழே அந்தப் புள்ளியை மட்டும் குத்திக் குத்திக் கறுப்பாக்கியது. குறுக்குக் கோடு ஒவ்வொரு முறையும் இடம் மாறியது. ஒருமுறை ஓரத்தில், ஒருமுறை நடுவில். சோப்பு வாசனை மூச்சு முட்டியது. ஒருமுறை வரைவதை நிறுத்திவிட்டு, உள்ளங்கையை விரித்து என்னை நோக்கி நீட்டியது. போகிறவரை நிறுத்தும்போது காட்டுவது போல.

நானோ தலையைத் தூக்கிப் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.

ஒருவழியாக மையில் படத்தை முடித்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு எடுத்துப் போனேன். வெளியே வெயில் அடித்தும் கூடத்தில் திரைச்சீலை மூடியிருந்தது. தம்பி மனைவி அடுப்படியில் இருந்தாள். சுண்டெலி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாருடி சுண்டெலி, உங்க அப்பா புழுவோட மூஞ்சி."

படத்தை வாங்கி முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது புழு இல்ல அத்தை."

"பெரிய விஞ்ஞானி. வேற என்னவாம்?"

"என் கண்ணு."

சிரிக்க வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை.

"இது கருவிழி" என்று உள்வட்டத்தைத் தொட்டாள். விரல் இலை வரிசைக்குப் போனது. "இது இமை முடி." பிறகு கீழே இருந்த மொட்டின் மேல் விரலை வைத்தாள். "இது என் மச்சம்."

அவள் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. பிறந்த அன்று அதைப் பார்த்துத் திருஷ்டிப் பொட்டை ஆஸ்பத்திரியிலேயே வைத்து அனுப்பிவிட்டார்கள் என்று கேலி செய்தவளே நான்தான்.

"அழகா வரைஞ்சிருக்கீங்க" என்றாள். "ஆனா நூலை ஏன் போடல?"

"என்ன நூலு?"

"என் கண்ணுக்குள்ள போகுமே, அந்த நூலு. அம்மாகிட்டச் சொன்னேன். அழுதா அப்படித்தான் தெரியும்னு சொன்னாங்க."

எழுந்து திரைச்சீலையை இழுத்தேன். வெயில் கொட்டியது. குழந்தை வீறிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு நிமிஷம்டா தங்கம், அத்தைக்காகத் திற" என்று கெஞ்சினேன். 

திறந்தாள்.

வெள்ளைவிழி செக்கச் சிவந்திருந்தது. அதன் மேல் தோலுக்கு அடியில், மெல்லியதாக, வெள்ளையாக ஒரு கோடு.

வளைந்த கோடு.

நான் அழித்த கோடு.

அது நகர்ந்தது. அவசரமே இல்லாமல், மூக்கோரத்திலிருந்து கருவிழியை நோக்கி நெளிந்து போனது.

"இப்ப போகுது அத்தை" என்றாள் சுண்டெலி. "கூசுது."

அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. தம்பி மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டிருந்தாள்.

கண் டாக்டர் ஒரு சொல்கூட வீணாக்காத பெண். சொட்டு மருந்து போட்டுக் கண்ணை மரத்துப்போக வைத்து, சின்னக் கீறல் போட்டு, இடுக்கியால் மெல்ல மெல்ல இழுத்தாள். நான் குழந்தையின் காலைப் பிடித்திருந்தேன். வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் வந்தது. ஈரப் பஞ்சின் மேல் போட்டதும் சுருண்டு, நிமிர்ந்து, மறுபடி சுருண்டது. வாழ்நாளெல்லாம் குப்பிக்குள் செத்த புழுவையே பார்த்தவள் நான். அது உயிரோடு நெளிவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா உள்ள போயிருக்கும்" என்றாள் டாக்டர். "போனா எங்க வேணா போகும், மூளைக்குக்கூட." பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாள். "குழந்தையோட அப்பாவுக்கும் கண்ணு சிவந்திருந்ததா?"

தம்பி மனைவி தலையாட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மரநாய்க்குட்டியும், ஒரே போர்வையும், அதைக் கடித்த வாயோடு வீட்டிலிருந்தவர்களையும் கடித்த கொசுவும் எங்கள் இருவர் கண் முன்னாலும் ஒன்றாக வந்து நின்றிருக்க வேண்டும்.

டாக்டர் எங்கள் கண்களையும் விளக்கடித்துப் பார்த்தாள். "இன்னைக்கு எதுவும் தெரியல. அது மேல வந்தாத்தான் தெரியும். ரத்தம் எடுத்துக்கறேன், முடிவு வரட்டும். கண்ணு உறுத்தினா உடனே வாங்க."

வண்டியில் வீடு திரும்பும்போது கட்டுப் போட்ட குழந்தை அம்மா மடியில் தூங்கிவிட்டது. தம்பி மனைவி சன்னலுக்கு வெளியே பார்த்தபடி பேசினாள்.

"அவர் பேரை அதுக்கு வைக்காதீங்க அக்கா."

"வைக்கலம்மா."

"அவரைத் தின்னதுக்கு அவர் பேரா?"

"வைக்கவே மாட்டேன்" என்றேன். அப்போதுதான் அழுதேன். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்; பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அழுதேன்.

சாமான்களை எடுத்துக்கொண்டு வர அந்த அறைக்கு இன்னொரு முறை போக வேண்டியிருந்தது. சாவிக்காரர் கதவைத் திறந்துவிட்டு வாசலுக்குப் போனார். காலை நேரம்தான், நல்ல வெளிச்சம். அந்த மைப் படத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். மிச்சமிருந்த புழுவில் ஒன்றை எடுத்து மழமழவென்ற அந்த வாயை, இருக்கிறபடியே வரைந்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் புழுவுக்காக உட்காரவில்லை.

"வாடா" என்றேன்.

குனிந்தேன். சோப்பு வாசனை. இடப்பக்கத்திலிருந்து கை வந்தது.

பொறுமையாக வரைந்தது. கருவிழி, இமை முடி, கீழே மச்சம். இப்போது அது கண்ணாக மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. எப்படி இதைப் புழுவின் வாய் என்று நினைத்தேன்! வரைந்து முடித்துப் பென்சிலைத் தூக்கியது. குறுக்குக் கோடு போடவில்லை.

கண் சுத்தமாக இருந்தது.

"அவ நல்லா இருக்காடா" என்றேன். கண்ணீர் விழுந்து லென்ஸ் மங்கியது. "இனிமே நான் பாத்துக்கறேன். நீ போ, போய் நிம்மதியா இரு."

துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கை போகவில்லை.

பக்கத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொரு வட்டம் போட்டது.

அதற்குள் இன்னொரு வட்டம்.

இமை முடிகள். ஒவ்வொன்றாக, நிதானமாக. மேல் இமையின் நடுவே வந்ததும் பென்சில் எழும்பியது. ஓர் இடத்தை வெறுமையாக விட்டுத் தாண்டியது. அப்பால் இறங்கி மீதியை வரைந்தது.

முடி முளைக்காத இடம்.

ஊஞ்சல் பலகை பட்ட இடம்.

பிறகு மெல்ல, மிக மெல்ல, குறுக்கே ஒரு வளைந்த கோட்டை இழுத்தது. இந்த முறை நான் எதையும் அழிக்கவில்லை.

நாற்காலி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் நடைபாதைக்கு ஓடிவந்து செல்போனை எடுத்தேன்.  ஒருவழியாக மணி அடித்தது. எடுத்தாள்.

"சொல்லுங்க அக்கா. சுண்டெலி சாப்பிட்டா, விளையாடுறா."

"உனக்குக் கண்ணு உறுத்துதா?"



"காலையிலேருந்து லேசா" என்றாள். "ராத்திரி அழுதேன், அதனாலதான்னு..."

"அழுததுனால இல்ல. வலது கண்ணு. இப்பவே கிளம்பு. பிள்ளையைத் தூக்கிட்டு நேரா டாக்டர்கிட்டப் போ. நான் அங்க வந்துடறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்புறம் சொல்றேன், நீ கிளம்பும்மா!"

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, குழந்தையைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு நொடி எல்லாம் நின்றது.

"அக்கா" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "உங்க பக்கத்துல யாரு?"

"யாரும் இல்ல. நான் மட்டும்தான்."

"பென்சில் சத்தம் கேக்குதே" என்றாள். "அழுத்தி அழுத்தி... அவர் எழுதற மாதிரியே."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். அப்போதுதான் முதல் முறையாக எனக்கும் கேட்டது. நான் விட்டுவிட்டு வந்த அறையிலிருந்து, கீச்சுக் கீச்சென்று.

அறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தேன். கவிழ்ந்த நாற்காலி அப்படியே கிடந்தது. மைக்ரோஸ்கோப் அருகே யாரும் இல்லை. என்னைக் கண்டதும் சத்தம் நின்றுவிட்டது.

மேசையில் நான் வெறுமையாக விட்டுப்போன காகிதத்தில் இப்போது கோடுகள் பதிந்திருந்தன. லென்ஸ் வேண்டியிருக்கவில்லை, வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. மச்சமுள்ள கண், தழும்புள்ள கண், அவற்றுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வட்டம்.

இமை முடிகள் இன்னும் போடவில்லை. யார் கண் என்று சொல்ல முடியவில்லை.

குறுக்குக் கோட்டை மட்டும் முதலிலேயே போட்டுவைத்திருந்தான்.